சாதுவுக்கு நாற்பது நாள்

வக்கீலின் கறுப்புக் கோட்டில் வலது கை மட்டும் முழங்கைக்குக் கீழே சாதுவின் வாயில் இருந்தது. மிச்சக் கோட்டு வக்கீலின் மேல் இருந்தது. இரண்டுக்கும் நடுவே, மாடிப்படியில், கையில் நாய்ச் சங்கிலியோடு நின்ற மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சிரிக்கலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"சிரிக்காதீங்க சார். கோட்டு இல்லாம நான் எப்படிக் கோர்ட்டுக்குப் போறது?"

"ஒரு கை போனா என்ன சார்? உங்க பிழைப்பே வாய்லதானே ஓடுது?"

இந்த மாதிரி நேரத்தில் இந்த மாதிரி பேசுவது கண்ணாடிக்காரருக்குப் பிறவிக் குணம். வக்கீல் கீழ்வீட்டுக்காரர் மட்டுமல்ல, அந்தக் கட்டடத்துச் சங்கத்தின் செயலாளரும்கூட. அங்கேயே, கிழிந்த கோட்டோடு, தீர்ப்பைச் சொல்லிவிட்டார். நாய் வெளியேற வேண்டும்.

"சார், ஒரே ஒரு வாய்தா குடுங்க சார்."

தொழில் வார்த்தை காதில் விழுந்ததும் வக்கீல் கொஞ்சம் இளகினார். "நாற்பது நாள். அதுக்குள்ள அது மனுஷங்களைப் பார்த்தா மனுஷங்க மாதிரி நடந்துக்கணும்."

சாது என்று பெயர் வைத்தது கண்ணாடிக்காரர்தான். கடைக்குப் பின்னால் கிடந்த குட்டியைத் தூக்கி வந்த அன்று அது நாள் முழுக்கத் தூங்கியது. தூங்கும்போது வைத்த பெயர். விழித்த பிறகு மாற்ற யாருக்கும் துணிச்சல் வரவில்லை. குரைக்கிற நாய் கடிக்காது என்பார்கள். சாது அந்தப் பழமொழியைக் கேள்விப்படாத நாய். பார்சல் கொண்டுவருகிறவர் தெருமுனையில் நின்று போன் செய்வார். மீட்டர் பார்க்க வருகிறவர் கேட்டுக்கு வெளியிலிருந்தே ஓர் எண்ணை ஊகித்து எழுதிக்கொண்டு போய்விடுவார்.

அன்று மாலை மனைவி ஆரம்பித்தாள்.

"ஏங்க, நாய் பழக்குறவர் ஒருத்தரைக் கூப்பிடலாமா?"

"எதுக்கு? நான் இல்ல?"

"நீங்களா?"

"ஆமா. நாற்பது நாள்ல இந்த நாய் பசுவா மாறலைன்னா என் பேரை மாத்திக்கறேன். வெளியாள் ஒருத்தன் வரக்கூடாது."

"சரி. நீங்களே பழக்குங்க."

பதினோரு வருடக் குடித்தனத்தில் முதல் தடவையிலேயே அவள் 'சரி' சொன்னது அன்றைக்குத்தான். அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். "எப்பம்மா குத்தப் போற?" என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு ஆள் கேட்கும்போது, அவள் ரத்தம் எடுத்து, பஞ்சு ஒட்டி, அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பாள்.

கண்ணாடிக்காரர் வெளியாள் வேண்டாம் என்றதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணத்துக்கு வயது அறுபத்தாறு. அவருடைய மாமனார்.

மாமனார் முப்பத்தொரு வருடம் டிரைவிங் ஸ்கூல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது ஸ்கூலிலிருந்து மட்டும்தான். சோபாவில் உட்கார்ந்தாலும் வலது கால் தரையில் பிரேக் தேடும். மருமகன் நடந்தால், "வளைவுல வேகத்தைக் குறைங்க மாப்பிள்ளை." காபி குடித்தால், "கிளட்ச்சை விடற மாதிரி மெதுவா, மெதுவா." குளியலறைக் கதவைத் தட்டி, "என்ன மாப்பிள்ளை, இன்னும் நியூட்ரல்லயே நிக்கிறீங்களா?" ஒரு வாரம் என்று வந்தவர் இரண்டரை மாதம் இருந்தார். மறுபடி வந்தபோது சாது வளர்ந்திருந்தது. கேட்டிலேயே அவருடைய பேன்ட்டின் பின்பக்கத்தைப் பிடித்துத் தொங்கியது. மாமனார் அன்றைக்கே ஊர் திரும்பினார். அதற்குப் பிறகு ஓடிய ஒரு வருடத்தைக் கண்ணாடிக்காரர் மனசுக்குள் பொற்காலம் என்று அழைத்துவந்தார்.

இப்போது தர்மசங்கடம். நாய் கடித்தால் நாய் போய்விடும். நாய் கடிக்காவிட்டால் மாமனார் வந்துவிடுவார்.

இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டதில் மூன்றாம் நாள் திட்டம் பிறந்தது. நாய் உலகத்துக்கெல்லாம் சாதுவாக இருக்க வேண்டும். ஒரே ஒருவருக்கு மட்டும் புலியாக இருக்க வேண்டும். உலகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் புலி.

அவசரத்தில் ஓடிய மாமனார் விட்டுப்போன தொப்பி ஒன்று பரணில் கிடந்தது. மனைவி காலை ஐந்தரைக்கு வேலைக்குக் கிளம்புவாள். ஆறு மணிக்குக் கண்ணாடிக்காரர் தொப்பியைப் போட்டுக்கொண்டு நாயோடு மொட்டைமாடிக்கு ஏறுவார். செய்தித்தாளைச் சுருட்டித் தண்ணீர்த் தொட்டியில் அடித்தபடி, மாமனார் குரலில் ஆரம்பிப்பார்.

"கிளட்ச்! கிளட்ச்! ஹாரன் அடிங்க மாப்பிள்ளை! கிளட்ச்!"

முதல் நாள் சாது தலையைச் சாய்த்து அவரைப் பரிதாபமாகப் பார்த்தது. ஐந்தாம் நாள் உறுமியது. பத்தாம் நாள் பல்லைக் காட்டியது. பதினேழாம் நாள் கண்ணாடிக்காரர் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி உட்கார வேண்டியதாயிற்று. மேலே உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டே, "பலே! பாடம் ஏறுது!" என்று மகிழ்ந்தார். தொப்பியைக் கழற்றிய பிறகும் அது உறுமுவதை நிறுத்தச் சற்று நேரம் பிடித்தது. தினமும் அந்தச் சற்று நேரம் கொஞ்சம் நீண்டுகொண்டே வந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. ஊருக்கெல்லாம் பார்வை சோதித்துச் சொல்கிறவர் அவர்.

"பயிற்சி எப்படிப் போகுது?" என்று மனைவி கேட்பாள்.

"பிரமாதம்."

"என்ன முறைங்க?"

"அது தொழில் ரகசியம். கண்ணோட கண் பார்த்துப் பேசணும். எல்லாராலயும் முடியாது."

"எனக்கெல்லாம் அது வராதுங்க," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விடுவாள்.

இருபத்தைந்தாம் நாள் ஓர் அதிசயம். அன்று கடைக்கு விடுமுறை. பார்சல்காரர் படியேறி வாசல்வரை வந்து மணி அடித்தார். சாது ஓடியது. கண்ணாடிக்காரர் முதலுதவிப் பெட்டியை எடுக்க ஓடினார். திரும்பி வந்தால், சாது உட்கார்ந்து வாலை ஆட்டுகிறது. பார்சல்காரர் அதன் காதைச் சொறிகிறார். அடுத்த வாரம் மீட்டர்காரர் உள்ளே வந்து மீட்டரைப் பார்த்தே எழுதினார்.

உலகத்துக்காக ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடாத கண்ணாடிக்காரர் ஒரு நிமிடம் திகைத்தார். பிறகு, இது தன் ஆளுமையின் கசிவுதான் என்று முடிவு செய்தார். ராத்திரிச் சாப்பாட்டைச் சாது முகர்ந்து பார்த்துவிட்டு விலகியபோதுகூட, "அடக்கம் வந்தா பசியும் அடங்கும்," என்று மனைவிக்கு விளக்கினார். கடையில் எழுத்துப் பலகையைப் படிக்க வந்தவர்கள் மிருக மனோதத்துவம் கேட்டுவிட்டுப் போனார்கள்.

நாற்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கீழே முற்றத்தில் வக்கீல் புதுக் கோட்டோடு வந்து நின்றார். வக்கீலின் மனைவி, காவலாளி, அடுத்த வீட்டுக்காரர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். சாது நேராக வக்கீலிடம் போனது. புதுக் கோட்டின் கையை மோந்தது. ஒரு தும்மல் போட்டது. காலடியில் உட்கார்ந்தது.

"நாய்க்கு விடுதலை!" என்றார் வக்கீல்.

கண்ணாடிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இதுக்கெல்லாம் பொறுமை வேணும். தனி மனுஷனா, ஒருத்தர் உதவியும் இல்லாம..."

"ஏங்க, அப்ப இனிமே யாரு வேணும்னாலும் நம்ம வீட்டுக்கு வரலாம்தானே?" என்றாள் மனைவி.

"யாரு வேணும்னாலும்!"

"எத்தனை நாள் வேணும்னாலும் தங்கலாம்தானே?"

"தாராளமா! கதவு திறந்தே இருக்கும்!"

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்று அவள் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள். வக்கீல் தலையாட்டினார்.

கேட்டுக்கு வெளியே ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. மாமனார் இறங்கினார். அவருக்குப் பின்னால் மூன்று பெட்டிகளும் ஒரு சாய்வு நாற்காலியும் இறங்கின. நாற்காலியோடு வருகிறவர் ஒரு வாரத்துக்கு வருகிறவர் அல்ல.

கண்ணாடிக்காரர் பதறவில்லை. உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். முப்பத்தேழு நாள் தவம். புலி தயார். "வாங்க மாமா, வாங்க!" என்று வாய் நிறைய வரவேற்றபடி, கை தவறியது போலச் சங்கிலியை அவிழ்த்துவிட்டார். சாது பாய்ந்தது. நடக்கப்போகும் கொடுமையைப் பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அலறல் வரவில்லை. "அடடே, வாடா ராஜா," என்று ஒரு குரல்தான் வந்தது.

கண்ணைத் திறந்தார். சாது நாலு காலையும் வானத்துக்குக் காட்டி மல்லாந்து கிடந்தது. மாமனார் குனிந்து அதன் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஒருவேளை தொப்பி இல்லாததால் அடையாளம் தெரியவில்லையோ? கண்ணாடிக்காரர் மெல்ல நாயின் பக்கம் நகர்ந்து, உதடு அசையாமல், "கிளட்ச்," என்றார்.

சாதுவின் ஒரு காது நிமிர்ந்தது.

"கிளட்ச்! ஹாரன் அடிங்க மாப்பிள்ளை! கிளட்ச்!"

சாது எழுந்தது. மாமனாரைப் பார்க்கவில்லை. மெதுவாகத் திரும்பி, அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரைப் பார்த்தது. முப்பத்தேழு காலைப் பொழுது செய்தித்தாளோடு வந்து தன்னை வெறுப்பேற்றிய ஆள் யார் என்பதில் அதற்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை. தொப்பி போட்டால் மட்டும் ஆளைத் தெரியாமல் போக, அது என்ன கண்ணாடி போட வேண்டிய நாயா?

அடுத்த ஐந்து நொடியில் கண்ணாடிக்காரர் கேட்டுக்கு வெளியே இருந்தார். அவருடைய வேட்டியின் ஒரு முழம் உள்ளே இருந்தது. கேட்டை இழுத்துச் சாத்திக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது எப்படி..." என்று இரைத்தார்.

மனைவி நிதானமாகக் கேட்டருகே வந்தாள். "நான் பன்னிரண்டு மணிக்கு வேலை முடிஞ்சு வருவேன். அப்பா பஸ் பிடிச்சு தெருமுனைக்கு வந்து நிப்பாரு. அங்கிருந்து சாதுவுக்கு அவரைக் காட்டறது, ஒரு துண்டு வேகவெச்ச ஈரல் குடுக்கறது. அது பதறாம இருந்தா மறுநாள் நாலடி கிட்ட. பதறினா நாலடி பின்னால. திட்டறது இல்ல, இழுக்கறது இல்ல. பத்து நாள் கழிச்சு அப்பா கையாலயே குடுத்தாரு. அப்புறம் பார்சல்காரர், மீட்டர்காரர், வக்கீல் சார்..."

"வக்கீல் சாருமா?"

"முப்பதாம் நாளே நானும் சாதுவும் சிநேகிதம் ஆயிட்டோம்," என்றார் வக்கீல். "இன்னைக்கு வந்தது உங்க பேச்சைக் கேக்கத்தான்."

"மாடியில துணி காயப்போட வந்தப்ப உங்க 'கிளட்ச்' எல்லாம் கேட்டுச்சு," என்றார் வக்கீலின் மனைவி. "குரல் அச்சு அசல்."

மாமனார் சந்தோஷமாகத் தலையாட்டினார். மருமகன் தன் பாடத்தை மனப்பாடம் செய்திருக்கிறான் என்பதில் அவருக்குப் பெருமை.

"அது முரட்டு நாய்னு எல்லாரும் சொன்னீங்க," என்றாள் மனைவி. "முரடு இல்லீங்க. பயம். புதுசா ஒருத்தர் வந்தா பயம், அதான் முந்திக்கிட்டுப் பாயுது. அந்த மாதிரி ஒருத்தரோட பதினோரு வருஷம் குடித்தனம் பண்றேன், எனக்குத் தெரியாதா?"

கண்ணாடிக்காரர் மெல்ல முன்னால் வந்தார். கேட்டில் கை வைத்தார். சாது உறுமியது. கையை எடுத்தார்.

"சரி, தப்புதான். நாயைப் பிடி. நான் உள்ள வரேன்."

"அவசரப்பட்டா எல்லாம் கெட்டுடும். நீங்க இப்ப அதுக்குப் புது ஆள் இல்ல, கெட்ட ஆள். கொஞ்சம் கூடவே நாளாகும். இன்னைக்குத் தெருமுனை போதும்."

"நாளாகும்னா? நான் எங்க தூங்கறது?"

"கடையிலதான் பெஞ்சு இருக்கே."

அவள் உள்ளே போய் ஒரு சின்னப் பையோடு திரும்பி வந்தாள். கேட்டுக் கம்பிகளுக்கு நடுவே அதை நீட்டினாள். இளஞ்சூடாக இருந்தது. பதினோரு வருடத்துப் பாசம், எப்படியும் சாப்பாடு கட்டிவிட்டாளே என்று அவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"ஈரல். சாதுவுக்கு," என்றாள் அவள். "பசிக்குதுன்னு நீங்க தின்னுடாதீங்க."