ஹரீதியின் கிணற்றுச் சாவி

இந்த ரமலானுக்கு ஒரு தொடரைக்கூட விடுவதில்லை, எல்லாவற்றுக்கும் கருத்து எழுதியே தீருவது என்று லுத்ஃபி முடிவு கட்டினார். பிறை தெரிந்த அன்றே குடும்பத்தைக் கூட்டி அறிவித்தார். குடும்பம் என்றால் மனைவி இன்ஸாஃப் ஒருத்திதான். மகன்கள் இரண்டு பேரும் குவைத்தில். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்த வருஷம் முப்பதுக்கு மேல தொடர் வருது. எல்லாத்தையும் பார்க்க ஒரு நாள் பத்தாதுங்க."

"கருத்து சொல்றவனுக்கு நேரம் ஒரு பொருட்டா, இன்ஸாஃப்?"

"பார்க்கிறவங்களுக்குத்தான் பொருட்டு. நீங்க எதுக்குக் கவலைப்படணும்?"

குத்தல் வெங்காயத்தோடு சேர்ந்து வந்ததால் லுத்ஃபிக்கு உறைக்கவில்லை.

எகிப்துத் தலைநகரின் ஷுப்ராப் பகுதியில், நோன்பு திறக்கும் இப்தார் பீரங்கி வெடித்ததும் எல்லா வீட்டிலும் நடப்பதுதான் அவர் வீட்டிலும் நடக்கும். பேரீச்சம்பழம், சூப், சோறு, அதற்கு மேல் திணித்த திராட்சை இலை, அதற்கும் மேல் கதாயெஃப் பணியாரம். முதல் தொடரின் பாட்டு தொடங்கும்போது சோபாவில் சாய்வார். பாட்டு முடியும்போது குறட்டை. பாசனத்துறை அலுவலகத்தில் பகலெல்லாம் கோப்புகளைத் தூங்க வைக்கும் மனிதர் மாலையில் தானும் தூங்குவதில் என்ன தப்பு? தேநீர் வந்ததும் எழுந்து, நேற்று என்ன நடந்தது என்று மனைவியிடம் கேட்டுக்கொண்டு, சந்துமுனைக் காபிக்கடைக்குப் போய்விடுவார்.

"லுத்ஃபி பாஷா! நேத்துப் பகுதி எப்படி?"

"கதையில முதுகெலும்பு இல்லைப்பா. கேமரா பரவாயில்லை. நடிப்புல இயல்பு போதாது."

இந்த மூன்று வாக்கியத்தை வைத்து அவர் பத்து ரமலான் ஓட்டிவிட்டார். நடிப்பில் இயல்பு போதாது என்பது எந்த நடிகருக்கும் பொருந்தும். இப்போது கைபேசியில் அவருக்கென்று ஒரு பக்கம், அதற்கு ஆயிரக்கணக்கில் வாசகர்கள். அந்த வாயிலிருந்து என்றைக்கும் வராத வாக்கியம் ஒன்றுண்டு: 'அதை நான் பார்க்கலை.'

இந்த இடத்தில் வரவேற்பறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். புருஷன் பெண்டாட்டி சண்டையே அதற்காகத்தான்.

வீட்டின் மிகப் பெரிய அறை. இரண்டு ஜன்னல், நல்ல காற்று. உள்ளே லுத்ஃபியின் அம்மா வாங்கிய தங்க முலாம் நாற்காலிகள், தலை முதல் கால் வரை வெள்ளை உறை போட்டு, ஆஸ்பத்திரியில் நோயாளிகள் வரிசையாகக் கிடப்பதுபோல. முக்கியமான விருந்தாளி வந்தால் மட்டும் திறப்பார்கள். முக்கியமான விருந்தாளி வருவதே இல்லை. சாவி லுத்ஃபியின் சட்டைப் பையில் இருக்கும், இதயத்துக்கு நேரே.

இன்ஸாஃப் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள். கட்டிடத்துப் பெண்பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறாள். எங்கே? மாடிப்படியில். மேல்மாடிக்காரர்கள் பிரெஞ்சு வினைச்சொற்களைத் தாண்டிக் காய்கறிப் பையோடு ஏறுவார்கள். ஒருமுறை யாரோ தூக்கிப் போன தயிர்ப்பானை கவிழ்ந்து ஒரு பெண்ணின் இறந்தகாலம் முழுவதும் நனைந்தது.

"அந்த அறையைத் திறந்து விடுங்கன்னு எத்தனை வருஷமா கேட்கிறேன்?"

"அது எங்கம்மா நாற்காலி, இன்ஸாஃப்."

"அம்மா உட்காரத்தானே வாங்கினாங்க?"

"நாற்காலின்னா உட்காரணும்னு யார் சொன்னது?"

 இன்ஸாஃப் அதோடு நாற்காலிப் பேச்சை விட்டாள். நோன்பின் இரண்டாம் வாரத்தில், தேநீர் கொடுக்கும்போது சும்மா பேச்சை எடுத்தாள்.

"அந்தக் கிணத்துத் தொடர் பார்க்கிறீங்கதானே?"

"ம்... பார்க்கிறேன், பார்க்கிறேன். நீ என்ன நினைக்கிறே?"

"பாவம்ங்க அந்தப் பொண்ணு பத்ரியா. புருஷன் ஹரீதி வாசல் முத்தத்துல இருக்கிற கிணத்தைப் பூட்டி வச்சிருக்கான். அம்மா தோண்டின கிணறாம். அவ குடத்தைத் தூக்கிட்டு வாய்க்காலுக்குப் போறா, வெயில்ல."

மேல் எகிப்துக் கதை. நைல், பேரீச்சை, பிடிவாதம். லுத்ஃபிக்கு ரத்தம் சூடானது. அன்றே தன் கைபேசிப் பக்கத்தில் எழுதினார்: 'சாவியை மனைவி கையில் கொடுக்காத ஹரீதி ஒரு கழுதை. தவறு, கழுதைக்காவது தாகம் தெரியும்.' அடுத்த நாள் இன்ஸாஃப் இன்னும் கொஞ்சம் சொன்னாள், அவர் இன்னும் நிறைய எழுதினார். நிலா வெளிச்சத்தில் பத்ரியாவின் கண்கள் பேசுவதை மட்டும் இரண்டு பத்தி. 'தொடர் முடிவதற்குள் அந்தச் சாவி அவள் கைக்கு வராவிட்டால் எழுத்தாளர் பேனாவை உடைத்துப் போடட்டும்' என்று எச்சரிக்கை வேறு.

வாசகர்கள் கொண்டாடினார்கள். பெண்கள் அழுதார்கள். ஒரு மாலைப் பத்திரிகையின் ஆசிரியர் மம்தூஹ் கூப்பிட்டார்.

"உஸ்தாத் லுத்ஃபி, தினமும் தொடர் விமர்சனம் போட ஆள் தேடறேன். உங்க பேரும் இருக்கு, உங்க கட்டிடத்துலயே உஸ்தாத் பஹ்கத் பேரும் இருக்கு. ரெண்டு பேரோடயும் ஒருநாள் பேசணும்."

பஹ்கத் கீழ்வீட்டுக்காரர், பள்ளி ஆசிரியர். லுத்ஃபி இனிப்பு என்று சொன்ன எதையும் உப்பு என்பவர். அச்சில் பெயர் வருவது என்றால் சும்மாவா? லுத்ஃபி இரண்டு பேரையும் இப்தாருக்கு அழைத்துவிட்டார். வரவேற்பறை திறந்தது, உறைகள் கழன்றன, நாற்காலிகள் கண்ணைக் கூச வைத்தன.

பீரங்கிக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது சமையலறைக்குள் வந்தார். நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஹரீதி கடைசியா என்ன பண்ணினான்? சீக்கிரம் சொல்லு. ஆசிரியர் அதைத்தான் கேட்பார்."

"எந்த ஹரீதி?"

"கிணத்துக்காரன்!"

"அவனா?" முலூகியாக் கீரையைக் கிண்டினாள். "இன்னும் யோசிக்கலைங்க."

"யாரு யோசிக்கலை?"

"நான்தான்."

லுத்ஃபி அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்படி ஒரு தொடரே... இல்லையா?"

"இதே கீரையைக் கிண்டும்போது தோணிச்சு. நீங்க பார்க்கிறேன்னு சொன்னீங்களா, சரி, நல்லா ஓடுது போலன்னு நானும் விட்டுட்டேன்."

"அடிப்பாவி! பத்ரியா கண்ணைப் பத்தி ரெண்டு பத்தி எழுதியிருக்கேனே!"

"படிச்சேன். எனக்கே பொறாமையா இருந்துச்சு."

"பஹ்கத் என்னைச் சந்தி சிரிக்க வச்சுடுவான். ஏதாவது பண்ணு, இன்ஸாஃப்."

"பண்ணலாம். சாவி?"

"எந்தச் சாவி?"

"ஹரீதி கையில இருக்கிறது." கரண்டியால் அவருடைய சட்டைப் பையைக் காட்டினாள். "கழுதைன்னு எழுதினது நான் இல்லை."

"அது கிணறு! இது நாற்காலி!"

"கிணத்துலயாவது தண்ணி இருந்துச்சு."

லுத்ஃபி நிமிர்ந்தார். பாசனத்துறை ரத்தம். "நானே சமாளிச்சுக்கறேன்" என்றார். அழைப்பு மணி அடித்தது.

மம்தூஹ் பருத்த மனிதர். அம்மாவின் நாற்காலி அவருக்குக் கீழே முனகிய முனகல் லுத்ஃபியின் முதுகுத்தண்டு வரை போயிற்று. பஹ்கத் சிரித்துக்கொண்டே வந்தார். அவர் சிரித்தாலே யாருக்கோ கெட்ட நேரம். பீரங்கி வெடித்தது. பேரீச்சம்பழம் கை மாறியது. 

வாத்து வந்த பிறகு ஆசிரியர் ஆரம்பித்தார்.

"எனக்குப் பிடிச்சதே அந்தக் கிணத்துத் தொடர்தான். நாட்டுல வேற ஒருத்தரும் அதைப் பத்தி எழுதலை. நீங்க பார்த்தீங்களா, உஸ்தாத் பஹ்கத்?"

முடிந்தது கதை. பஹ்கத் இல்லை என்பார், அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்பார். லுத்ஃபி கண்ணை மூடிக்கொண்டார்.

"பார்க்காம?" என்றார் பஹ்கத். "முதல் நாள்லேருந்து."

லுத்ஃபி கண்ணைத் திறந்தார்.

"ஆனா லுத்ஃபி பாஷா எழுதினதுல எனக்கு உடன்பாடில்லை. ஹரீதி பக்கம் நியாயம் இருக்கு. பத்ரியாவா நடிக்கிறவ அழுகைதான் தாங்க முடியலை."

இந்தக் கட்டிடத்தில் 'நான் பார்க்கலை' என்று சொல்ல முடியாத வாய் இன்னொன்றும் இருந்திருக்கிறது! லுத்ஃபிக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் வாயும் வந்தது.

"அழுகையா? அவ எங்கேப்பா அழுதா? கண்ணு பேசுது, அவ்வளவுதான்."

"ரயிலடியில அழுதாளே, பார்க்கலையா நீ?"

"ரயிலடியா? ஓ... அது கண்ணுல தூசி."

"தூசியா! ஒரு பகுதி முழுக்கவா தூசி?"

இல்லாத ஒருத்தி இல்லாத ரயிலடியில் அழுதாளா இல்லையா என்று படித்த இரண்டு ஆண்கள் வாத்து எலும்பை ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டார்கள். கிண்ணங்களோடு வந்த இன்ஸாஃப் வாசலில் நின்று கேட்டாள். அவளுக்கே ரயிலடி புதிது.

ஆசிரியர் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் இவ்வளவு ஊன்றிப் பார்க்கிறீங்க. எனக்கு மட்டும் எவ்வளவு தேடியும் கிடைக்கலை. எந்தச் சேனல்ல வருது?"

"நீல்தாரா" என்றார் லுத்ஃபி.

"ஸஹாரா பிளஸ்" என்றார் பஹ்கத்.

இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தன.  ஆசிரியர் இவரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். நெற்றியில் ஒரு கோடு விழுந்தது. கோடு ஆழமாகிக்கொண்டே போனது. பஹ்கத்தின் காது சிவந்தது. லுத்ஃபியின் சட்டைக் காலருக்குள் வேர்வை கோடு போட்டு இறங்கியது. பத்திரிகையில் பெயர் போனது. காபிக்கடை போனது. நாளை இந்தச் சந்தில் தலை நிமிர்ந்து ரொட்டி வாங்க முடியுமா?

அவர் மனைவியைப் பார்த்தார். நிலா வெளிச்சத்து பத்ரியாவைவிட அந்தக் கண்கள் தெளிவாகப் பேசின.

"என்னங்க" என்றாள் இன்ஸாஃப், பதமாக. "பழரசத்துக்கு நல்ல கண்ணாடிக் கோப்பை எடுக்கணும். அலமாரி பூட்டியிருக்கு. சாவிக்கொத்தைக் கொடுக்கிறீங்களா?"

லுத்ஃபியின் கை பைக்குப் போயிற்று. பாதியில் நின்றது. ஆசிரியர் தொண்டையைக் கனைத்தார். கை மறுபடி நகர்ந்தது. வரவேற்பறைச் சாவியும் சேர்ந்த கொத்து வெளியே வந்தபோது ஒரு பல்லைப் பிடுங்கியது போல இருந்தது அவருக்கு.

அவள் அதை வாங்கித் தன் அங்கிப் பையில் போட்டு, மேலிருந்து ஒரு தட்டுத் தட்டினாள். பிறகுதான் திரும்பினாள்.

"ரெண்டு பேர் சொல்றதும் சரிதான், உஸ்தாத். ஒண்ணுல முதல் ஒளிபரப்பு, இன்னொண்ணுல மறு ஒளிபரப்பு. சின்னச் சேனல்ங்க, எங்கேயோ அடியில கிடக்கும். எங்க மொட்டைமாடி டிஷ்ஷு கொஞ்சம் கோணலா நிக்கிறதால பிடிக்குது. நிமிர்த்தி வச்சா வராது."

"அதான் எனக்குக் கிடைக்கலை!" ஆசிரியரின் நெற்றி விரிந்தது. "நல்ல தொடரெல்லாம் இப்படித்தான் மூலையில போட்டுடறாங்க."

"அதேதான்" என்றார் பஹ்கத், நெற்றியைத் துடைத்தபடி.

பழரசம் குடித்து முடித்ததும் மம்தூஹ் லுத்ஃபியின் தோளில் கை போட்டார்.

"இடம் உங்களுக்குத்தான். ஒரே ஒரு நிபந்தனை. மத்த தொடரைப் பத்தி எல்லாரும் எழுதறாங்க. நீங்க கிணத்தை மட்டும் எழுதுங்க, தினமும், கடைசிப் பகுதி வரைக்கும். பெருநாள் அன்னிக்கு முடிவு வரணும்."

லுத்ஃபி நன்றி சொன்னார். சொல்லும்போதுதான் எதற்கு நன்றி சொல்கிறோம் என்பது மெல்ல மெல்லப் புரிந்தது. படியிறங்கும்போது பஹ்கத் பின்தங்கி, இன்ஸாஃபின் காதோடு கேட்டார்:

"மதாம், அந்த மறு ஒளிபரப்பு எத்தனை மணிக்கு?"

மறுநாள் சாயங்காலம் லுத்ஃபி தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கையில் கைபேசி, திரை வெள்ளையாக. வரவேற்பறைக் கதவுக்கு அந்தப் பக்கம் பெண்பிள்ளைகளின் பிரெஞ்சு. அம்மாவின் நாற்காலிகள் ஒவ்வொன்றும் கிரீச்சிட்டன. இறந்தகாலம், எதிர்காலம் எல்லாம் இப்போது தங்க முலாமில் உட்கார்ந்திருந்தன. பத்திரிகையிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். கதவைத் தட்டினார்.

"இன்ஸாஃப்... இன்னிக்குப் பகுதியில என்ன நடக்குது?"

பிரெஞ்சு நின்றது. 

"ஹரீதி பாத்திரம் கழுவறான்."

"ஹரீதியா! மேல் எகிப்து ஆம்பளை! யார் நம்புவா?"

"எழுதறவர் திறமை. அவன் கழுவி முடிச்சாதான் எனக்கு அடுத்த காட்சி தோணும். வாத்துச் சட்டி ஊறப் போட்டிருக்கு."

லுத்ஃபி கைபேசியைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார், காலி. எழுந்து சமையலறைக்குப் போய்ச் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டார். முதல் சட்டி தொட்டியில் இடித்த சத்தம் கேட்டதும் வரவேற்பறையிலிருந்து குரல் வந்தது.

"நடிப்பு இயல்பா இருக்கணும், உஸ்தாத்!"