‘அம்மா சாவு – 2’ என்று ஒரு கேசட்

இதைச் சரியாகச் சொல்ல வருமா என்று பயமாக இருக்கிறது. நடுவில் எதையாவது விட்டுவிட்டால் என்னைப் பைத்தியம் என்று நினைப்பீர்கள். விடாமல் சொன்னாலும் அப்படித்தான் நினைப்பீர்கள். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு வேலை ஒன்றே ஒன்றுதான். பம்மலுக்குப் போய் ஐந்து வீடியோ கேசட்டுகளைக் கொடுத்து, பென் டிரைவில் ஏற்றித் தரச் சொல்ல வேண்டும்.

என்ன கேசட் என்றால், பொம்மைப் படங்கள். கையால் வரைந்த பழைய வெளிநாட்டுப் படங்கள். என் பெண் ரம்யா குழந்தையாக இருந்தபோது வாங்க ஆரம்பித்தேன். அவள் வளர்ந்து காட்டாங்குளத்தூர் காலேஜில் வேலைக்கே போய்விட்டாள். நான் மட்டும் நிறுத்தவில்லை. மூடப்போகிற கேசட் கடை, பழைய பேப்பர் கடை என்று அலைந்து நாற்பத்தொன்று சேர்த்துவிட்டேன்.

நான் ஏழாவதோடு நின்றவள். அட்டையில் இருக்கிற இங்கிலீஷ் பெயரை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் படமே முடிந்துவிடும். அதனால் படத்தைப் பார்த்துவிட்டு, நானே தமிழில் சீட்டு எழுதி ஒட்டிவிடுவேன்.

எனக்கு ஒரு குணம். யார் சாகிறார்கள் என்று முன்னாலேயே தெரியாவிட்டால் நெஞ்சு படபடவென்று அடிக்கும், படம் பார்க்கவே முடியாது. இந்தப் பழைய பொம்மைப் படங்களில் பத்து நிமிஷத்துக்குள் யாராவது போய்விடுவார்கள். பெரும்பாலும் அம்மா. அதனால் என் அலமாரியில் வரிசை இப்படித்தான்: ‘அம்மா சாவு’, ‘அப்பா சாவு’, ‘சித்தி கொடுமை’, ‘கல்யாணம்’. கடைசித் தட்டில் ‘யாரும் சாகவில்லை’. அதில் இருப்பது மூன்றே மூன்று.

ரம்யா தலையில் அடித்துக்கொள்வாள். “அம்மா, உலகத்துல கேசட் சேக்குறவங்க எல்லாம் வருஷ வாரியா அடுக்குவாங்க. இல்லன்னா கம்பெனி வாரியா. நீ மட்டும்தாம்மா சாவு வாரியா அடுக்குற!”

“வருஷத்தை வெச்சு நான் என்னடி பண்றது? வருஷம் தெரிஞ்சா நெஞ்சு அடிக்காம இருக்குமா?”

போன மழையில் கேசட்டுக்குள் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்தது. இனிமேலும் விட்டால் எல்லாம் போய்விடும் என்று, முதலில் ஐந்தை மட்டும் பையில் போட்டுக்கொண்டு பம்மல் கிளம்பினேன்.

கடைக்காரர் ஒரு பாய். வெள்ளைத் தாடி, சாந்தமான முகம். பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சீட்டைப் படித்தார்.

‘அம்மா சாவு – 1’.

‘அம்மா சாவு – 2’.

‘அப்பா சாவு (சுட்டது)’.

சட்டென்று எழுந்து, அவர் நாற்காலியை என் பக்கம் தள்ளினார். “உக்காரும்மா. டீ சொல்றேன்.”

இந்தக் காலத்தில் இப்படி ஒரு கடைக்காரரா! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“ரெண்டு அம்மாவாம்மா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“ரெண்டா? வீட்டுல இன்னும் பதினாலு இருக்கு பாய்.”

பாய் தாடியைத் தடவிக்கொண்டார். “அப்பாவ... சுட்டுட்டாங்களா? போலீஸ்ல சொல்லலியா?”

“காட்டுல ஏது பாய் போலீஸ்?”

“ஃபாரஸ்ட்ல வேலையா அவுருக்கு?”

“வேலை என்ன வேலை? அங்கயே பொறந்து வளந்தவருதான்.”

அடடா, படத்தை இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறாரே, இவரும் நம்மைப் போல ரசிகர் என்று நினைத்தேன். வீட்டில் இதைப் பற்றிப் பேசினால் எல்லாரும் எழுந்து போய்விடுகிறார்கள். கிடைத்த ஆளை விடுவேனா! சித்தி கொடுமை வரைக்கும் சொன்னேன். பாத்திரம் தேய்க்க விட்டதைச் சொன்னபோது பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“வுடும்மா. இந்த ரெண்டாவது அம்மா கேசட்ட மொதல்ல முடிச்சுத் தரேன். ஒண்ணு சொல்லிடறேன், இந்த மாதிரி கேசட்ட நான் உக்காந்து பாக்கறதில்ல. அடுத்தவங்க துக்கம். மிஷின்ல போட்டுட்டு வெளிய வந்து நின்னுக்குவேன்.”

என்ன மரியாதை பாருங்கள்! அந்தக் கேசட்டில் இருந்தது ஒரு வாத்துப் படம். அதுக்குப் போய்!

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. போனேன். ஒரு கவரை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். மேலே ‘அம்மா’ என்று எழுதியிருந்தது.

“மனச தேத்திக்கினு பாரும்மா.”

“பழகிடுச்சு பாய். அந்த ஏழாவது நிமிஷம்தான் கஷ்டம். அத தாண்டிட்டா அப்புறம் ஒரே பாட்டும் டான்ஸும்தான்.”

பாய் வானத்தைப் பார்த்தார்.

சேலையூர் வந்து, பென் டிரைவை டிவியில் சொருகினேன். வாத்து வரவில்லை. பட்டுப் புடவை கட்டிய ஒரு அம்மாள் கேக் வெட்டிக்கொண்டிருந்தார். பின்னால் சுவரில் சிலுவை. ‘60’ என்று தெர்மாகோலில் வெட்டி ஒட்டியிருந்தார்கள்.

“டேய், என் மூஞ்சிய எதுக்குடா காட்டுற? கேக்க காட்டு!” என்று அந்த அம்மாள் கேமராக்காரரைத் திட்டினார்.

உடனே பாய்க்குப் போன் போட்டேன்.

“அல்லாவே! மாத்திக் குடுத்துட்டனா? மாடம்பாக்கத்துல ஒரு டீச்சரம்மா, அவங்க கவர்லயும் ‘அம்மா’ன்னுதான் எழுதி வெச்சேன். இன்னிக்கு அவங்க அம்மாவுக்கு வருஷ ஜெபம். ஆறு மணிக்கு எல்லாருக்கும் போட்டுக் காட்டணும்னு வாங்கினு போனாங்க. அவங்ககிட்ட இருக்கிற வீடியோவே இது ஒண்ணுதாம்மா!”

“போன் பண்ணுங்க பாய்!”

“பண்ணிக்கினேதான் கீறேன். எடுக்க மாட்டேன்றாங்க. அட்ரஸ் சொல்றேன், எழுதிக்கோ. ஆமா, அவங்ககிட்ட போனது உங்க அம்மாவோட கடைசி நேரம் ஆச்சே? அத போய் கூட்டத்துல...”

“எங்கம்மா இல்ல பாய். வாத்து.”

“வாத்தா?” என்று கேட்டுவிட்டு அட்ரஸைச் சொன்னார்.

மணி ஐந்தே முக்கால். ரம்யா வண்டியை எடுத்தாள். நான் பென் டிரைவைக் கைக்குட்டையில் முடிந்து பிடித்துக்கொண்டேன். ரோட்டில் பாதி தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் ரம்யா, “வருஷ வாரியா அடுக்குன்னு சொன்னேன்ல” என்றாள். மொத்தம் பதினொரு பள்ளம்.

வீட்டு வாசலில் செருப்பு குவிந்து கிடந்தது. உள்ளே நாற்பது பேர் இருப்பார்கள். பாஸ்டர் ஜெபம் முடித்து உட்கார்ந்திருந்தார். டிவியில் என் வாத்து! முந்தானை மாதிரி எதையோ கட்டிக்கொண்டு, ஏழு குஞ்சுகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு பாடிக்கொண்டே போகிறது.

ஒருவர்கூட அசையவில்லை. முன் வரிசையில் கைத்தடி வைத்திருந்த பெரியவர், பக்கத்தில் இருந்த டீச்சரிடம், “நம்ம அக்கா நல்லாத்தானே இருந்தா? ஏன் வாத்தாக்கி வெச்சிருக்காங்க?” என்று கேட்டார்.

டீச்சர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் இருந்த ஒருவர் உதவிக்கு வந்தார். “இப்ப அதான் மாமா ஃபேஷன். போட்டோவ குடுத்தா ஏஐ-ல கார்ட்டூனா மாத்தித் தர்றாங்க.”

“அப்படியா?” பெரியவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உற்றுப் பார்த்தார். “ஆமா... நடை அப்படியே அக்கா நடைதான்.”

அவ்வளவுதான், ஆளுக்கு ஆள் ஆரம்பித்துவிட்டார்கள். “அதட்டுறது அத்தையேதான்!” “மூணாவது குஞ்சு நம்ம ஜான்சன் மாதிரி இல்ல?” டீச்சரும் கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நான் வாசலில் நின்று டிவியின் ஓரத்தில் ஓடும் நேரத்தைப் பார்த்தேன். ஆறு நிமிஷம், நாற்பது விநாடி.

ஏழாவது நிமிஷத்தில் புதருக்குப் பின்னாலிருந்து நரி வரும். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கால் எப்படி உள்ளே போனது என்று தெரியாது. நாற்பது பேரையும் தாண்டிக்கொண்டு ஓடி, டிவிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டேன்.

“நிறுத்துங்க! நிறுத்துங்க! அம்மா சாகப் போறாங்க!”

பெரியவர் என்னை அண்ணாந்து பார்த்தார்.

“அவ போயி ஒரு வருஷம் ஆச்சேம்மா,” என்றார் பொறுமையாக.

ரம்யா பின்னாலேயே வந்து டிவியை அணைத்தாள். நான் பாய், கவர், பூஞ்சை, வாத்து எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாக உளறிக் கொட்டினேன். டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. “அப்ப எங்கம்மா கேசட்டு? அது எங்கே?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தேன்.

டிவியில் அந்த அம்மாள் வந்தார். “டேய், என் மூஞ்சிய எதுக்குடா காட்டுற?”

அந்தக் குரலைக் கேட்டதும் டீச்சர் அழுதுகொண்டே சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். கேமராவைப் பிடித்திருந்தது அந்தப் பெரியவர்தானாம். “அன்னிக்கும் திட்டினா, இன்னிக்கும் திட்டுறா பாரு” என்று கைத்தடியால் தரையைத் தட்டினார். நானும் அழுதேன். நெஞ்சு அடிக்கவே இல்லை.

எனக்கும் ரம்யாவுக்கும் தட்டில் கேக்கும் மிக்சரும் வந்தது. கிளம்பும்போது பெரியவர் கூப்பிட்டார்.

“ஏம்மா, அந்த வாத்து தப்பிச்சுதா, இல்லையா?”

செத்த வீட்டில் பொய் சொல்லக் கூடாது. உண்மையும் சொல்லக் கூடாது. “ரெண்டாவது பாகம் பாக்கணுங்க ஐயா” என்று வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் பாய் போன் செய்தார். “ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேம்மா. உங்க அப்பா?”

“செங்கல்பட்டுல தம்பி வீட்டுல இருக்காரு பாய்.”

“அப்ப காட்டுல சுட்டது யார?”

“ஒரு அப்பா ஓநாய பாய்.”

“ஒரு வாரமா உங்களுக்காக துவா பண்ணிக்கினு கீறேம்மா!” என்று வைத்துவிட்டார்.

அன்றைக்கு மத்தியானமே உட்கார்ந்து, வீட்டில் மிச்சமிருந்த கேசட்டுகள் எல்லாவற்றிலும் சீட்டுக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு வரி சேர்த்துவிட்டேன்: ‘இதில் இறந்தவர் யாரும் எங்களுக்குச் சொந்தம் இல்லை.’