இரு முதலாளி உடையான் பூப்பலகை வென்ற படலம்

வாழி! வாழி! சுழல் நாற்காலியே அரியணையாக, மடிக்கணினியே பட்டத்து யானையாக, முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிய கைலியே மார்புக்கவசத்துக்கு மாற்றாக, மெடான் மாநகரத்துப் புழுக்கம் என்னும் பெரும்பகையை ஒற்றை மின்விசிறியின் துணைகொண்டு எதிர்த்து நின்ற சுல்கர்னைன் வாழி! வந்து வந்து போகும் இணையமே, உன்னை வணங்கினேன். இவன் புகழை நான் பாடி முடிக்கும்வரையாவது அறுந்து தொலையாதிருப்பாயாக! வேறு தெய்வத்தைக் கூப்பிட்டால் இந்த வேலைக்கு வராது.

ஏழு கடலுக்கு அப்பால், பனி மூடிய ஃபின்லாந்தில், மர அறைக்குள் அடுப்பை மூட்டி உட்கார்ந்துகொண்டு வேண்டுமென்றே வியர்த்துக்கொள்ளும் ஒரு குடிமக்கள் கூட்டம் உண்டு. அவ்வடுப்புகள் கைப்பேசியின் ஏவலுக்குப் பணிந்து எரிவதற்கான மென்பொருளை இயற்றுவதே நம் வீரனின் போர்த்தொழில். காசு கொடுத்து வியர்க்கிறவர்கள் உலகத்தில் உண்டு என்பதை மெடானில் இன்றுவரை எவனும் நம்பியதில்லை.

ஆயினும் அந்த அடுப்பு நிறுவனத்துக்கு இந்தோனேசிய மண்ணில் ஒரு கொட்டகைகூடக் கிடையாது. கொட்டகை இல்லாதவன் இங்கே ஆள் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தராது. ஆகவே, ஜகார்த்தாவில் மேகம் உரசும் கண்ணாடி மாளிகையொன்றில் வீற்றிருக்கும் வேறொரு நிறுவனம், சுல்கர்னைனைத் தன் ஊழியன் என்று தாளில் எழுதிக்கொண்டு, சம்பளம் தந்து, வரி பிடித்து, காப்பீடு கட்டி, அத்தனைக்கும் ஒரு கட்டணத்தைப் பனிநாட்டிடம் கறந்து வந்தது. வேலை வாங்குபவர் ஒருவர், முதலாளி என்று கையெழுத்திடுபவர் இன்னொருவர். முன்னவரைப் பனிமுதலாளி என்றும் பின்னவரைத் தாள்முதலாளி என்றும் இனி நாம் போற்றுவோமாக. சுல்கர்னைன் இருவரையும் நேரில் பார்த்ததே இல்லை.

இத்தகைய வீரன், துறைமுக அலுவலகத்தில் ஓய்வுபெற்ற பஹாருத்தீனின் இளைய மகள் யுஸ்னீதாவை மணக்கத் துணிந்தான். ஐயகோ! புலிக்குகையில் புகுந்திருக்கலாம்.

மெடானில் கல்யாணத்தின் பெருமை ரெண்டாங் கறியின் ருசியில் இல்லை. பந்தல் வாசலிலிருந்து தெருமுனைவரை அணிவகுக்கும் பூப்பலகைகளில் இருக்கிறது. ஆளுயரத்தை விஞ்சிய பலகை, உடலெங்கும் தாள்பூ, நடுவே மணமக்கள் பெயர், அடியில் அனுப்பியவர் பெயர், கொட்டை எழுத்தில். மணமக்கள் பெயரை எவரும் படிப்பதில்லை. அனுப்பியவர் பெயரைப் படிக்காமல் எவரும் பந்திக்குப் போவதில்லை.

நிச்சயதார்த்தத்தன்று, ஊதா நிற பாத்திக் சட்டைக்குள் இடியை அடக்கி வைத்திருந்த பஹாருத்தீன், தம் சபதத்தை முழங்கினார்.

"கேட்டுக்க மாப்பிள்ளை. நாள் பூரா கைலியோட வீட்ல உக்காந்திருக்க. கேட்டா வேலைங்கற. மூத்த மாப்பிள்ளை தார்விஸ் கல்யாணத்துக்கு பேங்க்லேருந்து பலகை வந்து நின்னுச்சு, ஊரே பாத்துச்சு. உனக்கு நெசமாவே வேலை இருந்தா உன் கம்பெனி பலகை வரட்டும். வரலேன்னா, 'மாப்பிள்ளை சும்மா இருக்காரு'ன்னு மைக்ல சொல்லச் சொல்லிடுவேன்."

அவையே நடுங்கியது. யுஸ்னீதா மட்டும், "அப்பா செய்வாரு சுல். சொன்னா செஞ்சிடுவாரு," என்று கண் கலங்கினாள். அந்தக் கலக்கம்தான் நம் வீரனைச் சுட்டது. தன்னைச் சும்மா இருப்பவன் என்று ஊர் சொல்வதை அவன் தாங்கிக்கொள்வான். சும்மா இருப்பவனின் பெண்டாட்டி என்று அவளைச் சொல்வதைத் தாங்கமாட்டான்.

அப்போது, மாமனார் வீட்டிலேயே குடியிருப்பவனும், வங்கியின் பெயர் பொறித்த பட்டையைக் கழுத்திலிருந்து குளிக்கும்போது மட்டும் கழற்றுபவனுமாகிய தார்விஸ் அருகே வந்து தோளில் தட்டினான்.

"இதுக்குப் போய் ஏன் தம்பி முழிக்கிற? பேசாம நீயே ஒண்ணு ஆர்டர் பண்ணிடு. எவன் கேக்கப்போறான்?"

"என் கல்யாணத்துக்கு நானே வாழ்த்துச் சொல்லிக்கவா, அண்ணே?"

தார்விஸ் சிரித்தான். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான்.

தொடங்கிற்று மாபெரும் போர்! முதல் நாட்போரில் பனிநாட்டின் மீது படையெடுத்த சுல்கர்னைன், மேலுக்குச் சட்டையும் கீழுக்குக் கைலியும் தரித்து, கணினித் திரையில் பனிமுதலாளி கைசா அம்மையாரை எதிர்கொண்டு, பூப்பலகையின் இலக்கணத்தையும் மாமனாரின் சபதத்தையும் விண்ணதிர எடுத்துரைத்தான். அம்மையார் நெடுநேரம் பேசவில்லை. அந்நாட்டில் அதற்குப் பெயர் யோசனை.

"செலவு நான் பண்றேன்ப்பா. ஆனா எங்க பேரு மட்டும் வரக்கூடாது. 'எங்க ஊழியர்'னு உங்க ஊர்த் தெருவுல பலகை நட்டா, அங்க எங்களுக்கு ஆபீஸ் இருக்குன்னு வரிக்காரங்க வந்து நிப்பாங்க. எங்க வக்கீல் பேயாட்டம் ஆடிடுவாரு. வேணும்னா உன் பேர்ல இங்க ஒரு மரம் நடட்டுமா?"

பேர் இல்லாத பலகை தாலி இல்லாத கல்யாணம். ஃபின்லாந்துக் காட்டில் நிற்கும் மரம் பஹாருத்தீனின் கண்ணுக்கு எப்படித் தெரியும்? புண்பட்ட வேங்கை பின்வாங்கியது.

இரண்டாம் போர் தாள்முதலாளியின் கோட்டை வாயிலில் மூண்டது. அவ்வாயிலைக் காத்து நின்றது ஓர் இயந்திரப் பூதம். எத்தனை கணை தொடுத்தாலும், 'தங்கள் கோரிக்கை எங்களுக்கு மிக முக்கியம்' என்ற ஒரே கேடயத்தால் அது தட்டிவிட்டது. சம்பளமா, ஒன்றை அழுத்துக. விடுப்பா, இரண்டை அழுத்துக. கல்யாணத்துக்கு எண்ணே இல்லை. அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் காய்த்துப்போன கடைசியில், கோட்டைக்குள்ளிருந்து ரீரிஸ் என்னும் மானுடப் பெண்ணின் குரல் கேட்டது.

"அன்பளிப்பெல்லாம் ஃபின்லாந்துக்காரங்கதான் பாத்துக்கணும் சார். நாங்க தாள்ல மட்டுந்தான் முதலாளி."

அங்கே கேட்டால் இங்கே போ, இங்கே கேட்டால் அங்கே போ. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்றால் இதுதான். எரிமலை சினாபூங் புகைவதுபோல் புகைந்து, கைலியை இறுக்கி, எழுந்து நின்று, ஒருவரும் இல்லாத அறையில் கையை உயர்த்தி, சுல்கர்னைன் முழங்கினான்:

"மேடம், நாளைக்கு நான் செத்துப்போனா என் பொண்டாட்டிக்கு இழப்பீடு யாரு குடுப்பா?"

"நாங்கதான் சார்."

"சாவுக்கு நீங்க முதலாளி. கல்யாணத்துக்கு மட்டும் இல்லையா?"

 கண்ணாடி மாளிகையில் யாரோ விசைப்பலகையைத் தட்டுவது கேட்டது.

"...கல்யாண வீட்டு முகவரியை அனுப்புங்க சார்."

புலர்ந்தது மணநாள்! பள்ளிவாசல் குழுவின் பலகை, துறைமுக ஓய்வூதியர் சங்கத்தின் பலகை, டூரியான் பழ வியாபாரிகளின் பலகை என்று தெருவே பூத்துக் குலுங்க, பொன்சரிகை உடுப்பில் மேடையேறிய சுல்கர்னைனின் கண்கள் மட்டும் தெருமுனையிலேயே தைத்திருந்தன. ஒலிவாங்கியைப் பிடித்திருந்தவர் பஹாருத்தீனைப் பார்த்தார். பஹாருத்தீன் தெருவைப் பார்த்தார். பிறகு 'சொல்லிவிடு' என்பதுபோல் மெல்லத் தலையை அசைத்தார். யுஸ்னீதா சுல்கர்னைனின் சட்டைக்கையைப் பற்றிக்கொண்டாள்.

அக்கணமே, கடலைக் கிழித்து வரும் கப்பலென, பின்னால் பூப்பலகையைச் சுமந்தபடி ஒரு பிக்கப் வண்டி திருப்பத்தில் தோன்றிற்று! வந்தது! நின்றது! ஆட்கள் இறக்கி நிமிர்த்தினார்கள்! ஓய்வூதியர் சங்கத்துப் பலகையை முழுசாக மறைத்துக்கொண்டு அது ஓங்கி நின்றது. தாள்முதலாளியின் பெயர் எருமையளவு எழுத்தில் மின்னியது. அதற்கு மேலே இப்படி எழுதியிருந்தது: 'எங்கள் ஊழியர் சுல்கர்னைனுக்குத் திருமண வாழ்த்துகள். இதே முகவரியில் வசிக்கும் எங்கள் ஊழியர் தார்விஸுக்கும் வாழ்த்துகள்.'

பந்தியில் தார்விஸின் கையிலிருந்த கறித்துண்டு தட்டில் விழுந்தது.

ஆம்! உள்ளூர் வங்கிகளுக்கு ஒப்பந்தத்தில் ஆள் அனுப்புவதும் அதே தாள்முதலாளிதான். முகவரியைக் கணினியில் தேடியபோது அதே வீட்டில் தங்கள் இன்னோர் ஊழியனும் அகப்பட, ஒரு முகவரிக்கு ஒரு பலகை போதும் என்று சிக்கனம் பிடித்துவிட்டார்கள். தார்விஸ் வங்கியின் ஊழியனே அல்லன். அவன் கல்யாணத்துக்கு வந்து நின்ற வங்கிப் பலகை, அவனே காசு கொடுத்து வாங்கியது! மாற்றானின் குடுமி கையில் சிக்கிவிட்டது. ஒரே ஒரு சொல், அத்தனை ஏளனத்துக்கும் வட்டியோடு பழி தீர்ந்துவிடும். நாக்கு துடிக்கத்தான் செய்தது. ஆனால் தார்விஸ் மேடையை நிமிர்ந்து பார்த்த பார்வையில், தனக்கு நல்ல வேலை இருக்கிறது என்று ஊரை நம்பவைக்கப் படாதபாடு பட்ட இன்னொருவனைச் சுல்கர்னைன் கண்டான். பாவமாகப் போய்விட்டது.

"என்ன தார்விஸ் இது?" பஹாருத்தீனின் குரல் பந்தலைப் பிளந்தது. "உன் பேரு ஏன் இதுல இருக்கு? நீ பேங்க்தானே?"

மணமேடையிலிருந்து எழுந்த மாவீரன், ஒரு பொய்யும் கலவாத மொழியால் முழங்கினான்:

"மாமா, அது ரொம்பப் பெரிய கம்பெனி. அண்ணனை பேங்க்குக்கும் என்னை ஃபின்லாந்துக்கும் வேலைக்கு விட்டிருக்கு. எங்க ரெண்டு பேருக்கும் சம்பளம் அங்கேர்ந்துதான்."

பஹாருத்தீன் பலகையை மேலிருந்து கீழாகப் படித்தார், கீழிருந்து மேலாகப் படித்தார். பிறகு ஒலிவாங்கியைப் பிடுங்கினார்.

"எல்லாரும் பாத்துக்கங்க! பேங்க்குக்கே ஆள் குடுக்கற கம்பெனி! என் மருமகனுங்க ரெண்டு பேரும் அதுலதான் இருக்காங்க!"

ஆர்ப்பரித்தது பந்தல்! ரெண்டாங் சட்டியிலேயே பெரிய துண்டைத் தேடி எடுத்து, மேடைக்கே கொண்டுவந்து, தம்பியின் தட்டில் வைத்த தார்விஸ், "நீ நல்லா இருக்கணும்டா," என்று மட்டும் சொன்னான். யுஸ்னீதா சிரித்தாள். ஓய்வூதியர்களும் டூரியான் வியாபாரிகளும் முண்டியடித்து முன்னால் நின்று படமெடுத்துக்கொள்ள, இரு முதலாளி உடையான், ஒரு முதலாளியையும் நேரில் காணாமல் இருவரையும் வென்றான், பகைவனைச் சகலனாக்கினான் என்று திசையெட்டும் முழங்க, அப்பூப்பலகை ஞாயிறும் திங்களும் உள்ளளவும் அங்கே நின்று அவன் புகழ் பேசுவதாகுக என்று அனைவரும் வாழ்த்தினர்.

வாடகைப் பலகை என்பதால் சாயங்காலம் பூக்கடைக்காரன் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டான்.