மூட்டைக்காரர் ஏற்றிய பெயர்கள்

நெய்வேலி டவுன்ஷிப்பின் அத்தனை பிளாக்குகளையும் சலித்தெடுத்தாலும், கம்ப்யூட்டரில் வேண்டாததை ஏற்றுவதில் மூட்டைக்காரரை மிஞ்ச ஆள் கிடையாது.

ஓய்வுக்குப்பின் நான் சேர்ந்த கான்ட்ராக்ட் அலுவலகத்தில் லினக்ஸ் கம்ப்யூட்டர்கள் பதினொன்று. பதினொன்றும் அவர் பொறுப்பு. எந்தப் புரோகிராமை நிறுவினாலும் அதன் பிழைதேடும் சிம்பல் தொகுப்பையும் சேர்த்தே நிறுவுவார். அதற்கு அவர் வைத்த பெயர் மூட்டை. புரோகிராம் பாதியில் செத்தால் திரையில் வெறும் எண்கள்தான் மிஞ்சும். மூட்டை இருந்தால் எந்தப் பகுதி, எத்தனையாவது வரி என்று பெயரோடு வரும்.

"கால்குலேட்டருக்குமா மூட்டை?" என்றேன்.

"செத்தது யாருன்னு தெரிய வேணாமா சார்?"

குள்ளஞ்சாவடிப் பக்கத்து ஆள். டிஸ்க் நிரம்பியபோது மேனேஜர் வீட்டுக் கல்யாண வீடியோவைத்தான் வெளியேற்றினார். ஒரு மூட்டையைத் தொடவில்லை. அதற்கும் மேனேஜர், "நல்லா பாத்துக்கிறீங்க" என்றார். மூன்று வருடத்தில் அவருக்கு இருபத்தாறு 'நல்லா'. எனக்கு இரண்டு.

ஷிப்ட் வருகைப்பதிவு புரோகிராம் நான் எழுதியது. கார்டு படிக்கும் பகுதி மட்டும் அவருடையது. என் கான்ட்ராக்ட் நீட்டிப்பு முடிவாகும் வாரத்தில், மதியம் ஷிப்ட் மாறும்போதெல்லாம் அது செத்தது. நான் முந்திக்கொண்டேன். அவர் டீ குடிக்கப் போன பன்னிரண்டு நிமிடத்தில், கையில் அகப்பட்ட மூட்டையை ஏற்றினேன். பொருந்தவில்லை என்று எச்சரிக்கை வந்தது, மீறிப் பொருத்தினேன். அவருடைய பகுதியின் பெயர் வந்தது. ஓடிப்போய் மேனேஜரை அழைத்து வந்தேன்.

மூட்டைக்காரர் வந்து திரையைப் பார்த்தார்.

"இது போன மாசத்து மூட்டை சார். புரோகிராம் இந்த மாசத்துது. பழைய குவார்ட்டர்ஸ் லிஸ்ட்ட வச்சிக்கினு கதவத் தட்டினா வேற ஆளுதான் வருவாரு."

சரியான மூட்டையை ஏற்றினார். திரையில் என் பகுதி, என் வரி. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் அந்த அறையில் நாங்கள் இருவர்தான்.

"யாரோட தப்பு?" என்றார் மேனேஜர்.



"ஒரு வரிதாங்க. சார்தான் மொதல்ல தேட ஆரம்பிச்சாரு. ரெண்டு பேருமா உக்காந்து முடிச்சிடுறோம்" என்றார் மூட்டைக்காரர்.

முடித்தோம். நீட்டிப்பும் கிடைத்தது. அப்படிச் சொல்ல எனக்கு வந்திருக்காதே என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன், இன்றும் படுகிறேன். ஆனால் அவர் இரண்டு நாள் லீவு போட்டால், மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கே போன் செய்து, "வருவீங்கதானே?" என்று கேட்டுவிடுகிறேன்.