ஷுப்ரா ரோட்டில் ஒரு விருந்தாளி

“இன்னும் அங்கேயேதான் நிக்கிறான்டா” என்றான் கரம்.

ரம்ஸி வாயருகே கொண்டுபோன, அவரை மசியல் வைத்த ஃபூல் ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டு கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தான். அந்த ஆள் நின்றுகொண்டுதான் இருந்தான். பந்தயக்காரர்கள் போடும் வெள்ளை உடுப்பு, தலையில் ஹெல்மெட், தோளில் ஒரு மஞ்சள் துண்டு. மருந்துக்கடை முனையில் நின்று, வருகிற வண்டிக்கெல்லாம் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். வந்த வண்டி நின்றது. ஓட்டி வந்தவன் அவன் கையில் ஒரு நாணயத்தைத் திணித்தான். மரியாதையாக ஒரு ஹார்ன் அடித்துவிட்டு ஓரமாக வண்டியை நிறுத்தினான்.

“கார் பந்தய விளையாட்டுல பார்க்கிங்குக்கு ஒரு ஆளு! உலகத்துல எங்கேயாவது உண்டாடா இந்தக் கூத்து?”

“நம்ம ஊர்ல உண்டே” என்றான் கரம்.

அது என்னவோ வாஸ்தவம்தான். கெய்ரோவில் ஒரு தெருவில் நாலு வண்டி சேர்ந்து நின்றால் போதும், பார்க்கிங் பார்க்க எங்கிருந்தோ ஒரு சாயிஸ் முளைத்துவிடுவான். அவனை யாரும் வேலைக்கு வைப்பதில்லை. “வா, வா, ஒடி, இன்னும் ஒடி” என்று கையை ஆட்டுவான். நாமும் ஏன் எதற்கு என்று கேட்காமல் சில்லறையைக் கொடுத்துவிடுவோம். கொடுக்காமல் போனால், திரும்பி வரும்போது வண்டியில் பக்கக் கண்ணாடி இருக்குமா என்ற கவலையிலேயே போன வேலை கெட்டுப்போகும்.

ஆனால் ரம்ஸியின் ஷுப்ரா ரோடு நிஜ ரோடு இல்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி போட்ட கார் பந்தய விளையாட்டு அது. ஒரே ஒரு ஆள் தனியாக உட்கார்ந்து ஓட்ட வேண்டியது. கம்பெனியே அதை மறந்துபோன பிறகும் ரம்ஸி மறக்கவில்லை. கரமைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு அதைப் பிரித்து மேய்ந்தான். அதிலிருந்த ஏதோ ஒரு ஐரோப்பிய ஊரைத் தூக்கிப் போட்டுவிட்டு, தான் இருக்கும் கெய்ரோ பேட்டையான ஷுப்ராவைக் கொண்டுவந்து வைத்தான். ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் உள்ளே வந்து ஓட்டுகிற மாதிரி செய்தான். முதலில் தெருப் பையன்கள் வந்தார்கள். பிறகு பேட்டையே வந்தது. பிறகு ரியாத்திலும் குவைத்திலும் வேலை பார்க்கிறவர்கள் வந்தார்கள். வந்தவர்கள் செய்யாத ஒரே வேலை பந்தயம் ஓட்டுவதுதான். கல்யாண ஊர்வலம் விட்டார்கள், குறுக்கே நிறுத்திவிட்டு அரட்டை அடித்தார்கள், ஹார்னிலேயே பாட்டு வாசித்தார்கள்.

அப்படியொரு நாளில்தான் இவன் வந்தான். பேரைப் பதிவு செய்யாமல் உள்ளே வருகிறவர்களுக்கு விளையாட்டு தானாகவே ‘விருந்தாளி’ என்று தலைக்கு மேலே எழுதிவிடும். விருந்தாளிக்கு வண்டி கிடையாது, பேச முடியாது. கையைத் தூக்க மட்டும்தான் முடியும். இவன் மருந்துக்கடை முனையில் நின்று கையைத் தூக்கினான். முதலில் வந்தவன் வழக்கப்படி ஒரு நாணயம் கொடுத்தான். அடுத்தவனும் கொடுத்தான். யாரோ மஞ்சள் துண்டு போட்டார்கள். ஒரே வாரத்தில் அவன் ஊருக்கே ‘விருந்தாளி மாமா’ ஆகிவிட்டான்.

ரம்ஸியும் இத்தனை நாள் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். சிரிப்பு நின்றது, கம்பெனியின் கெய்ரோ வக்கீல் உஸ்தாத் லபீப் போன் செய்தபோது.

“எங்க கட்சிக்காரரோட விளையாட்டை எடுத்து நடத்திட்டு இருக்கீங்க. வியாழக்கிழமை சாயங்காலம் உங்க வீட்டுக்கு வரேன். பந்தயம் ஒழுங்கா நடக்குதா, கம்பெனி பேருக்கு ஏத்த மாதிரி இருக்கான்னு பார்ப்பேன். இருந்தா அனுமதி. இல்லைன்னா அன்னைக்கே மூடணும்.”

ரம்ஸியின் மனைவி நெவீன் பல் டாக்டர் ஒருவரிடம் வேலை பார்க்கிறாள். ரம்ஸி வேலையை விட்டுவிட்டு இந்த விளையாட்டே கதியென்று உட்கார்ந்த நாளிலிருந்து குடும்பம் அவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது. செய்தியைக் கேட்டதும் அவள் அமைதியாகச் சொன்னாள்:

“வியாழக்கிழமை மூடிட்டாங்கன்னா, சனிக்கிழமை காலையில தந்தா ஊர்ல என் அண்ணன் கடையில உக்காந்துடணும். பேசியாச்சு.”

“டாய்லெட் கோப்பை விக்கச் சொல்றியா என்னை?”

“விக்க வேண்டாம். விக்கிறவன் பக்கத்துல நின்னு தலையாட்டினா போதும்னு அண்ணன் சொல்லிட்டான்.”

ரம்ஸி கரமிடம் போய்ப் புலம்பினான். பந்தய விளையாட்டில் பந்தயம் இல்லை என்றால்கூட ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். நடுமுனையில் ஒருத்தன் மஞ்சள் துண்டோடு நின்று வசூல் பண்ணுவதை எந்த வக்கீலிடம் என்னவென்று சொல்வது?

“காசு கொடுக்கிற வசதியையே எடுத்துடு” என்றான் கரம். “காசு வரலைன்னா எந்த சாயிஸ் நிப்பான்?”

எடுத்தார்கள். மறுநாள் பார்த்தால், காசு கொடுக்க முடியாத ஜனங்கள் சாமானாகக் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். மாமாவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு விசில், வெயிலுக்குக் குடை, பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன்மேல் புதினா டீ. முன்பு நின்றுகொண்டிருந்தவன் இப்போது ஜம்மென்று உட்கார்ந்து கையைத் தூக்கினான்.

“நாற்காலி வேற வாங்கிக் கொடுத்துட்டியேடா பாவி” என்றான் ரம்ஸி.

“நானா கொடுத்தேன்?”

அடுத்ததாக அந்த முனையைச் சுற்றி ஒரு சுவர் எழுப்பினார்கள். ஆள் உள்ளே, ரோடு வெளியே. இனி யார் கண்ணிலும் படமாட்டான் என்று ரம்ஸி நிம்மதியாகக் கொஞ்சம் தூங்கினான். எழுந்து வந்து பார்த்தபோது சுவரைச் சுற்றி நாலு வரிசையாக வண்டிகள் நின்றன. மாமாவுக்கு நிர்வாகம் ஆபீஸ் கட்டிக் கொடுத்திருக்கிறது என்று ஊர் முழுக்க ஒரே பேச்சு. யாரோ சுவரில் மாமாவின் படத்தை வேறு வரைந்து வைத்திருந்தார்கள். “ரம்ஸி அண்ணே, ஆபீஸெல்லாம் சரி, கதவு வைக்க மறந்துட்டீங்களே!” என்று வாழ்த்துச் செய்திகள் குவிந்தன.

ரம்ஸிக்குக் கோபம் தலைக்கேறியது. “போதும்டா. ஆளையே வெளியே தள்ளு. உள்ளே வரவே முடியாதபடி தடை போடு.”

“ஊரு கொந்தளிக்கும் மச்சான்.”

“கொந்தளிக்கட்டும். நான் தந்தாவுக்குப் போறதுக்கு அது பரவாயில்ல.”

தடை போட்டார்கள், சுவரையும் இடித்தார்கள். ஊர் கொந்தளிக்கவில்லை. அதைவிட மோசமாக, அசையாமல் நின்றுவிட்டது. ஷுப்ரா ரோட்டில் இருந்த அத்தனை வண்டியும் இன்ஜினை அணைத்துவிட்டு ஹார்னை மட்டும் அழுத்திப் பிடித்துக்கொண்டது. மாமா வராமல் யாரும் நகர மாட்டார்களாம். ரெண்டு நாள் இப்படியே போனது. போதாததற்கு, காலியான முனையைப் பிடிக்க எங்கிருந்தோ ஏழெட்டு புது விருந்தாளிகள் வந்து, அந்த ஒரே நாற்காலிக்கு அடித்துக்கொண்டார்கள். சத்தம் தாங்காமல் நெவீன் அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

“இதுதான் பந்தயமா?”

“இது... பந்தயத்துக்கு முந்தின ஏற்பாடு.”

அவள் போய் அண்ணனுக்குப் போன் போட்டாள். பரணிலிருந்து பெட்டியைக் கீழே இறக்குகிற சத்தமும் கேட்டது.

அப்போதுதான் குவைத்திலிருந்து ஒருவன் எழுதியிருந்த செய்தியை ரம்ஸி படித்தான். “அண்ணே, நான் ஊருக்கு வந்து மூணு வருஷமாச்சு. தினம் வேலை முடிஞ்சதும் உங்க விளையாட்டுல என் வண்டியை ஓட்டிட்டு வந்து எங்கம்மா வீட்டு பால்கனிக்குக் கீழே நிறுத்துவேன். நான் வர்றதைப் பார்த்ததும் அந்த மாமா கையைத் தூக்குவாரு. இந்தக் குவைத்துல நான் வந்தா கையைத் தூக்கறதுக்கு வேற யாருண்ணே இருக்கா? அவரைத் திருப்பி விட்டுடுங்க.”

ரம்ஸி அதை இரண்டாம் முறை படித்தான். அதற்கு மேல் தாங்கவில்லை.

“தடையை எடுடா” என்றான்.

“வியாழக்கிழமை?”

“வர்றது வரட்டும். எடு.”

எடுத்தார்கள். எடுத்ததோடு விட்டிருக்கலாம். மன்னிப்புக் கேட்கிற வேகத்தில் ரம்ஸி மாமாவுக்கு அதிகாரபூர்வமாக ஒரு நீலத் தொப்பியும் போட்டுவிட்டான். மாமா வந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார், கையைத் தூக்கினார். ஊரே ஹார்ன் அடித்துக் கொண்டாடியது. அடுத்த நிமிஷமே மற்றத் தெருக்காரர்கள், “அவங்க தெருவுக்கு மட்டும் தொப்பி போட்ட சாயிஸ், எங்க தெரு என்ன அனாதையா?” என்று கொடி பிடித்தார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் உஸ்தாத் லபீப் வந்தார். சாம்பல் நிறக் கோட்டு, கழுத்தை இறுக்கிய டை, சிரித்துப் பல வருஷமான முகம். டீ வேண்டாம் என்றார். நெவீன் கொண்டுவந்த பஸ்பூஸா இனிப்பைப் பார்த்து, தனக்கு எதிராக வைக்கப்பட்ட சாட்சியைத் தள்ளுகிற மாதிரி தட்டைத் தள்ளிவைத்தார்.

“உங்க விளையாட்டு எனக்குப் புதுசில்ல” என்றார். “ஆறு மாசத்துக்கு முந்தியே உள்ளே போய்ப் பார்க்கச் சொல்லிக் கம்பெனி உத்தரவு. போனேன். இதுக்கெல்லாம் பொறுப்பு யாருன்னு போறவன் வர்றவனையெல்லாம் நிறுத்திக் கேட்கப் பார்த்தேன். ஒருத்தன்கூட பதில் சொல்லல.”

“எங்க ஆளுங்க கொஞ்சம் கூச்ச சுபாவம், உஸ்தாத்.”

“இப்போ நடுவுல ரெண்டு மூணு நாள் கதவையே தொறக்கல. அதையும் குறிச்சிருக்கேன்.”

“அது... ரிப்பேர் வேலை, உஸ்தாத்” என்றான் ரம்ஸி. கரம் கூரையைப் பார்த்தான்.

கரம் ஏற்கெனவே மூன்று பேரைப் பிடித்து, “டேய், அரை மணி நேரம் பந்தயம் ஓட்டற மாதிரி நடிங்கடா” என்று கெஞ்சி வைத்திருந்தான். ரம்ஸி பிஸ்மில்லாஹ் சொல்லித் திரையைத் திறந்தான்.

ரோடே தெரியவில்லை. வண்டிக்கு மேல் வண்டி. கல்யாண ஊர்வலம் ஒன்று பின்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. பந்தயத்துக்குப் பேசி வைத்த மூன்று பேரும் ஒரு பேரீச்சம்பழ லாரிக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். “மாமா எங்கே? மாமாவைக் காணோம்!” என்று ஊரே அலறிக்கொண்டிருந்தது.

“என்னடா பண்ணித் தொலைச்சே?” என்று பல்லைக் கடித்தான் ரம்ஸி.

“ஐயோ, சத்தியமா நான் தொடவே இல்ல! நீலத் தொப்பி போட்டும் இன்னைக்குப் பார்த்து லீவு போட்டுட்டான்!”

லபீப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தார். பேனாவைத் திறந்தார். “பந்தயத்தைக் காணோம். மூடறதுக்கு நீங்க சம்மதிக்கிறதா இங்கே ஒரு கையெழுத்து.”

ரம்ஸி பேனாவை வாங்கவில்லை. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

“உஸ்தாத், இதுல யாரும் பந்தயம் ஓட்டறதில்ல. உண்மைதான். ஊரை விட்டுப் போனவன் எல்லாம் தன் வீட்டு வாசல்ல வண்டியை நிறுத்திப் பார்க்கத்தான் வரான். குவைத்துல ஒருத்தன் மூணு வருஷமா ஊருக்கு வர முடியாம, தினம் அம்மா பால்கனிக்குக் கீழே வந்து நிறுத்தறான். நானே அதைப் புரிஞ்சுக்காம அந்தச் சாயிஸைத் துரத்தப் பார்த்தேன். இதை மூடினா அவன் எங்கே போய் நிறுத்துவான், சொல்லுங்க?”

லபீப்பின் பேனா அப்படியே நின்றது.

வாசற்படியில் நின்ற நெவீன் உள்ளே வந்தாள். “உஸ்தாத், நான் பெட்டியெல்லாம் கட்டி வெச்சாச்சு. இருந்தாலும் சொல்றேன், மூடாதீங்க. இந்த மனுஷனைத் தந்தாவுக்கு அனுப்பினா, எங்கண்ணன் கடை வாசல்லயும் நாலு வண்டியை வரிசையா நிறுத்தி வெச்சுப் பார்த்துட்டுதான் இருப்பாரு.”

ரம்ஸி அவளை நன்றியோடு பார்த்தான். லபீப் யாரையும் பார்க்கவில்லை. அவர் கண் திரையின் ஓரத்தில், மருந்துக்கடை முனையில் இருந்தது. அங்கே குடைக்குக் கீழே, கால்மேல் கால் போட்டுக்கொண்டு, எவனோ ஒரு புது விருந்தாளி விசில் ஊதிக்கொண்டிருந்தான்.

வக்கீலின் காது மெல்லச் சிவந்தது. டையைத் தளர்த்தினார். பேனா உருண்டு கீழே விழுந்தது.

“கையெழுத்து கிடக்கட்டும், முதல்ல அந்த மௌஸை இப்படிக் கொடுங்க” என்றார் உஸ்தாத் லபீப். “ஒருநாள் சாயங்காலம் வேலை விஷயமா வெளியே வந்தா, அதுக்குள்ள எவன்டா அவன் என் நாற்காலியில உக்காந்திருக்கிறவன்?”