பொருத்தம் அங்கிளும் எட்டு சனிக்கிழமைகளும்

மார்ச் 8, சனிக்கிழமை. ஆறரைக்குத் தினசரி நடை. ஏழரைக்குக் காப்பி. பத்துக்குள் புல் வெட்டியாயிற்று. ஒரு மணிக்குப் பொருத்தம் அங்கிள் வீட்டில் சாப்பாடு. பதினொரு வருடங்களாக என் சனிக்கிழமைகள் இந்த வரிசை தவறியதில்லை.

டெக்சாஸின் இந்த சுகர் லேண்டில் ஜாதகத்தை நம்பாத தமிழர்கள் உண்டு. பொருத்தம் அங்கிளை நம்பாதவர்கள் கிடையாது. எண்ணெய்க் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்ற இந்தத் தூத்துக்குடிக்காரர் பார்த்தது மீனுக்கும் சாஸுக்கும் பொருத்தம். பக்கத்து லூசியானாவின் கேஜன் சாஸ். மாவை வெண்ணெயில் செம்பு நிறம் வரும்வரை கிளறி, வெங்காயம், செலரி, குடைமிளகாய், இறால், கிரீம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ப்பார்.

"தன்னைப் பத்திப் பேசாத மீன்தான்வே இந்த சாஸுக்கு மாப்பிள்ளை. கேட்ஃபிஷ், நம்ம கெளுத்தி, உத்தமம். சால்மனுக்கே கொழுப்பு ஜாஸ்தி, அதுக்கு மேல கிரீமா? ஒரு வீட்ல ரெண்டு மாமியாரு!"

சாஸைத் தட்டில் கீழே ஊற்றி, மொறுமொறுப்பான மீனை அதன் மேல் வைக்க வேண்டும். மாற்றிச் செய்தால் தொலைந்தோம். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் ஒரு பாட்லக்கில், ஓர் ஆன்ட்டியின் தட்டிலிருந்த சால்மனைத் தூக்கி, மேலிருந்த சாஸை வழித்தெடுத்து, "டைவர்ஸ் பண்ணிட்டேம்மா, நிம்மதியா சாப்பிடு" என்றார். ஆன்ட்டி மூன்று மாதம் பேசவில்லை. அங்கிள் வருத்தப்பட்டது சால்மனுக்காக மட்டும்.

மனைவி இறந்த பிறகு அவருக்கு மிஞ்சியது அந்த அடுப்புதான். ஜனவரியில் ஒரு காய்ச்சல் வந்து போனது. அதிலிருந்து சாஸில் கரிந்த வாடை. என் டைரியில் ஏழு சனிக்கிழமைகளுக்கும் ஒரே வரி: 'சாஸ் கரிந்திருந்தது. சூப்பர் அங்கிள் என்றேன்.' எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். சாப்பிடப் போன வீட்டில் குறை சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லை.

மார்ச் 8 அன்று, நியூஜெர்சியின் வெஸ்ட் வின்ட்சரிலிருந்து அவர் மகள் வந்திருந்தாள். முதல் வாயிலேயே கரண்டியை வைத்துவிட்டாள்.

"அப்பா, ஃபுல்லா கருகியிருக்கு. உங்களுக்கு ஸ்மெல் தெரியலயா?"

அங்கிள் என் பக்கம் திரும்பினார். "நீரு சொல்லும்வே."

"சூப்பர் அங்கிள்."

"அண்ணா, ப்ளீஸ்! நாளைக்கு கேஸ் லீக் ஆனாலும் சூப்பர்னுதான் சொல்வீங்களா?" என்றாள். பிறகு அப்பாவிடம், "தனியா இருந்தது போதும்பா. இந்த மாசக் கடைசில என்கூட நியூஜெர்சி வந்துடுங்க."

அவர் மறுக்கவில்லை. என்னிடம் மட்டும் கேட்டார்: "எத்தனை வாரமாவே?"

"ஏழு. இன்னைக்கோட எட்டு."

தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவத் தொடங்கினார். வழக்கமாக மீதி சாஸை டப்பாவில் போட்டுத் தருவார். அன்று தரவில்லை. நானே எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஞாயிறு காலை, முதல் வேலையாக, நடைக்கும் முன்பாக, அதில் மூன்று கரண்டி சாப்பிட்டுவிட்டுப் போன் செய்தேன்.

"அங்கிள், கரிஞ்சிருக்கு. மாவு அடிப்பிடிச்சிருக்கு. உப்பும் ஜாஸ்தி."



"எந்த மீனோடவே சாப்பிட்டீரு?"

"மீன் இல்ல அங்கிள். சும்மாதான்."

"சும்மாவா? உமக்கு வெட்கமாயில்ல? வாரும், கேட்ஃபிஷ் இருக்கு. மாவு செவக்கும்போது பக்கத்துல நின்னு மூக்கை மட்டும் நீட்டும்."

அன்று நடை இல்லை.