நாளைக்குப் புறப்படுகிறவர்

இன்று மாலை நாலரை மணிக்குத் தந்தி வந்தது. என் தாய்மாமன் கியாசுதீன் நேற்றுப் பினாங்கில், தன் கடையில், உட்கார்ந்த இடத்திலேயே மவுத்தாகிவிட்டார். அடுத்த மாதம் கப்பலேறி, மறுபடியும் சதுரங்கப்பட்டினத்துக்கு எங்களிடம் வருவதாக இருந்தார். சொல்லிக்கொள்ளாமல் போகும் வழக்கமே இல்லாத மனிதர். அவரை நினைத்தால் எனக்கு அழுகைக்கு முன்னால் சிரிப்பு வந்துவிடுகிறது. நான் என்ன செய்ய?

மாமு ஒரு பெரிய இனத்தைச் சேர்ந்தவர். 'நாளைக்குப் புறப்படுகிறவர்கள்' என்று அதற்குப் பெயர் வைக்கலாம். உங்களுக்கும் தெரிந்த இனந்தான். கடல் கடந்து உறவினர் வீட்டுக்குப் பத்து நாளைக்கென்று வருவார்கள். வந்ததும் கைகால் கழுவி, கொண்டுவந்த பிஸ்கட் டப்பாவையும் கைலிகளையும் தைலக் குப்பிகளையும் எடுத்துப் பங்கிட்டுவிட்டு, தேநீரை முதல் வாய் குடிக்கும் முன்பே, "அப்ப நா நாளைக்கிப் பொறப்பட்றேன்" என்பார்கள். பிறகு மழைக்காலம் வரும், போகும். நோன்பு வரும், பெருநாளும் போகும். வீட்டு ஆடு குட்டி போடும். அந்தக் குட்டியும் வளர்ந்து குட்டி போடும். நாளை மட்டும் வராது.

இவர்களுடைய பெட்டியைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது எந்நேரமும் கயிறு கட்டி, கூடத்தின் நடுவில், போகிறவர் வருகிறவர் எல்லாம் தடுக்கி விழத் தோதாக இருக்கும். சீப்பைப் பாருங்கள். உண்மையாகப் போகிறவர்களின் சீப்பு பெட்டிக்குள் இருக்கும். மாமுவின் சீப்பு, கண்ணாடிக்குப் பக்கத்தில் தனக்கென்று ஓர் ஆணி அடித்துக்கொண்டு தொங்கியது.

புறப்பாட்டு அறிவிப்பு காலை நாஸ்தாவுக்குப் பிறகு நடக்கும். வெறும் வயிற்றில் கப்பல் ஞாபகம் வருமா?

"ராபியா, நா பொறப்பட்றேம்மா."

அம்மா அடுப்படியிலிருந்து தலையைக்கூட நீட்டமாட்டாள். "இன்னா அவசரம்ண்ணே? இருந்துட்டுப் போங்க."

"நீ சொல்றே... சரி, நாளைக்கிப் பாக்கலாம்."

பயணம் போகிறவருக்குப் பாத்திஹா ஓதித் தெருவுக்குப் பேரீச்சம்பழமும் சர்க்கரையும் பங்கிடுவது எங்கள் வழக்கம். மாமுவுக்கு அது அத்தனை தடவை நடந்ததில், தெருக்காரர்கள் காலையிலேயே எங்கள் வாசலில் வந்து "இன்னிக்கிப் பயணம் உண்டா?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். 'முன்பு ஓதியது இன்னும் செல்லுமா' என்று மாமு ஒருநாள் ஓதவந்த பள்ளிவாசல் லெப்பையைக் கேட்டார். "நீங்க வூட்ட வுட்டுக் கெளம்பற வரிக்கும் செல்லும் மாமு. கெட்டா பூடும்?" என்றார் லெப்பை.

இதெல்லாம் பொய்யா? பொய் என்று சொல்ல எனக்கு மனம் இல்லை. மீசை அரும்பும் முன்பே பினாங்குக்குப் போனவர். பிறந்த வீடு தங்கையின் வீடாகிவிட்டது. 'இங்கே எனக்கு இன்னும் இடம் இருக்கிறதா?' என்று நேராகக் கேட்க எந்த ஆண்பிள்ளைக்கு வாய் வரும்? ஆகவே தினமும் ஒருமுறை புறப்பட்டுப் பார்த்தார். 'இருங்க' என்ற சொல் காதில் விழுந்தால் அன்றைய பொழுது நன்றாகப் போகும்.

இந்த இனத்துக்குப் பரம எதிரி ஒருவர் உண்டு. சொன்னதை அப்படியே நம்புகிறவர். என்னைப் பெற்ற அத்தா பஷீருதீன் அந்த ரகம். செங்கல்பட்டில் அரிசி மண்டி வைத்திருந்தார். நாளைக்கு மூட்டை வரும் என்று யாராவது சொன்னால், விடியும் முன்பே போய் மண்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் சாயங்காலம் முகமெல்லாம் சிரிப்பாக வந்து, மாமுவின் கையில் கப்பல் டிக்கெட்டை வைத்தார்.

"தெனம் தெனம் நீங்க தவிக்கறதப் பாத்து மனசு கேக்கல மச்சான். வெள்ளிக்கெழம கப்பலு. நாளைக்கிக் காலைல பஸ்ஸு."

மாமு அதைத் தேளைப் பிடித்ததுபோல் பிடித்திருந்தார். "எதுக்கு மச்சான் இவ்ளோ சிரமம்?"

"மச்சானுக்கு இதுகூடச் செய்யமாட்டனா?"

அம்மா அத்தாவைப் பார்த்தாள்; அண்ணனைப் பார்த்தாள். ஆசையாக வாங்கிவந்த மனிதரிடம் எப்படி வேண்டாம் என்பது? அன்றைக்கு அந்த 'இருங்க' வரவில்லை.

மறுநாள் எங்கள் ஊர் டச்சுக் கோட்டைக்கு எதிரே செங்கல்பட்டு பஸ் நின்றது. கண்டக்டர் கண்ணாயிரம் பெட்டியை மேலே ஏற்றிவிட்டு, "இன்னா மாமு, நெசமாவே போறியா?" என்றான்.

"போறம்பா. யாரும் இருக்கச் சொல்லல."

பஸ் உறுமியது. அப்போது தெருமுனையில் ஒரு வெள்ளைத் துப்பட்டி பறந்து வந்தது. திரை கட்டிய வண்டியில் அல்லாமல் அந்தத் தெருவைத் தாண்டியறியாத என் அம்மா, கையில் குழம்புக் கரண்டியோடு ஓடிவந்து பஸ்ஸுக்கு முன்னால் நின்றாள்.

"அண்ணே! வஞ்சிரம் வாங்கிக் கொழம்பு வச்சிட்டேன். நீங்க பூட்டா யாரு துன்றது? எறங்குங்க!"

"பஸ்ஸு ஏறிட்டனேம்மா."

"ஏறத் தெரிஞ்சவருக்கு எறங்கத் தெரியாதா?"

பஸ் முழுக்கச் சிரித்தது. மாமு ஒரு பெருமூச்சு விட்டார். உலகத்துப் பாரத்தையெல்லாம் தங்கைக்காகச் சுமக்கிறவரைப்போல முகத்தை வைத்துக்கொண்டார். "இவ்ளோ தூரம் வந்து சொல்றே... சரி, நாளைக்கிப் போறேன்."

"பொட்டிய நா கட்டவே இல்ல மாமு. எனுக்குத் தெரியும்" என்று கண்ணாயிரம் மேலிருந்து கத்தினான்.

அத்தா டிக்கெட்டை மாற்றிக்கொண்டு வந்தார். அது முதல் நாஸ்தா முடிந்ததும் அம்மாவுக்கு முன்னால் அவரே "இருங்க மச்சான்" என்று சொல்லக் கற்றுக்கொண்டார். கடைசியில் பினாங்கில் அவருக்குப் பேரன் பிறந்த செய்தி வந்தபோது, மாமு எந்த அறிவிப்பும் செய்யவில்லை. சீப்பை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். எங்களுக்கு அப்போதுதான் பயம் பிடித்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. அடுத்த முறை உறவினர் வீட்டில் "அப்ப நான் கிளம்பறேன்" என்று எழுந்து நிற்பீர்கள். செருப்பைத் தேடுவதற்கு முன்னால் உங்கள் கண் ஒரு கணம் அடுப்படிப் பக்கம் போகும். போகிறதா இல்லையா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். போனால் வெட்கப்படவேண்டாம், அந்த வீட்டில் அத்தாவைப்போல ஒருவர் இருக்கிறாரா என்று மட்டும் விசாரித்துவிட்டு எழுந்திருங்கள்.

மாமு வருவதற்காக முன்னறைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தோம். கிழக்குச் சுவர் இன்னும் அடிக்கவில்லை.